மதுக்கரையிலிருந்து வந்த கோடிச் சேலை

அன்புள்ள அண்ணா,

கேமராவுக்கு முன்னால் மாமா, கேமரா அணைந்ததும் அண்ணா. அப்படித்தான் உங்களைக் கூப்பிட்டுப் பழக்கம். இப்போது கேமராவும் இல்லை, நீங்களும் இல்லை. அண்ணா என்றே எழுதி முடித்துக்கொள்கிறேன்.

நலமா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் மேல் கடும் கோபத்தில் இருக்கிறேன். போய்ச் சேர்ந்தவரைத் திட்டலாமா என்று இவர் கேட்கிறார். உயிரோடு இருந்தபோது திட்டினால் மட்டும் உங்களுக்கு உறைத்ததா என்ன? சிரித்துக்கொண்டேதானே நிற்பீர்கள்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று எங்கள் மாதா கோயிலில் உங்களுக்காக ஒரு பூசைக்குக் கொடுத்தேன். பெயரென்ன என்று சாமியார் கேட்டார். சின்னச்சாமி என்றேன். எந்தச் சின்னச்சாமி என்றார். டி.வி. மாரப்பன் என்றதும் மனிதர் சிரித்துவிட்டார். பிறகு அவருக்கே சங்கடமாகி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். செத்த பிறகும் உங்கள் ராசி அப்படி.

இந்தக் காலத்துச் சின்ன வயசுக்காரர்களுக்கு உங்களைத் தெரிந்திருக்காது. தெருவுக்கு ஒரு டி.வி. பெட்டி இருந்த காலத்தில், ‘ஊடும் வாசலும்’ என்று ஒரு சிரிப்பு நாடகம் மெட்ராஸ் டி.வி.யில் வாராவாரம் வந்தது. கிணத்துக்கடவுத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மாரப்பனாக வந்து பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவார். சிங்காநல்லூரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்த நான் பாப்பாத்தியாக வந்து திட்டுவேன். கோயமுத்தூர் பேச்சை டி.வி.யில் கேட்பதே அப்போது ஜனங்களுக்கு ஒரு அதிசயம். எழுதியது, நடித்தது, சிரிக்க வைத்தது எல்லாம் நீங்கள். நான் நீங்கள் கொடுத்ததைப் பேசினேன், அவ்வளவுதான்.

பேசியது போதாதென்று, ஊர் என்னை நிஜமாகவே உங்கள் சம்சாரம் ஆக்கிவிட்டது. பஸ்ஸில் அண்ணி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, “ஏனுங்க மாரப்பன், பாப்பாத்தி வர்லீங்ளா?” என்று கேட்பார்களாம். நீங்கள்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தாரா என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

அண்ணி என்னை வெறுத்தார் என்று சொல்ல முடியாது. மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் எதிரியே வாசலுக்கு வந்தாலும் ‘வாங்க’ என்று கேட்கிற ஊரில், என்னை மட்டும் அவர் அப்படிக் கேட்டதே கிடையாது. “டீச்சரம்மா வந்திருக்கறாங்க” என்று உள்ளே பார்த்து உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இவரும் நானும் உங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். இப்போது சொன்னால் என்ன?

நீங்கள் போன அன்று நடந்ததை உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஐஸ் பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தீர்கள். நானே சொல்கிறேன்.

சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி நிறைய ஜனம். துக்க வீட்டில் யாரையும் வாங்க என்று கேட்க மாட்டார்கள் இல்லையா, அதனால் அண்ணி என்னைக் கேட்காதது அன்று ஒருநாள்தான் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. பெண்களோடு பெண்ணாக ஓரமாக உட்கார்ந்தேன். இவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார். மதியம் தாண்டியும் உங்களை எடுக்கவில்லை. அண்ணிக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து, அதைப் போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். அவருடைய அண்ணன் காலமாகிவிட்டார், அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து வழியில் வந்துகொண்டிருக்கிறான் என்றார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டுமே என்று பெரியவர்கள் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. யாரோ ஓடி வந்து, “மதுக்கரையில இருந்து கோடி வந்துருச்சுங்க!” என்றார்கள். அதுவரை உங்கள் தலைமாட்டில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த அண்ணி சட்டென்று நிமிர்ந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்திலிருந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அதுக்கு மதுக்கரைதானுங்களே பொறந்த ஊரு. உங்களுக்குத் தெரியாதுங்ளா?” என்றார் அவர், அண்ணியைக் காட்டி.

தெரியாது அண்ணா. அண்ணிக்கு எந்த ஊர் என்று ஒருமுறை உங்களைக் கேட்டதற்கு, “இங்கதான் பக்கத்துலங்க அம்மணி” என்று பேச்சை மாற்றினீர்கள். மாற்றாமல் என்ன செய்வீர்கள்? நாடகத்தில் பாப்பாத்திக்கும் மதுக்கரைதானே பிறந்த ஊர். “எங்க மதுக்கரையில இப்பிடியெல்லாம் கெடையாதுங்க மாமா” என்று வாரம் தவறாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு சொன்னது நான்தானே. சிமெண்டு ஆலை இருக்கிற ஊர் என்றால் ஜனங்களுக்குச் சட்டென்று தெரியும், அதனால் வைத்தேன் என்றீர்கள். நானும் நம்பினேன்.

வேனிலிருந்து வயதான ஆண்களும் பெண்களுமாக இறங்கினார்கள். முன்னால் ஒரு பெரியவர், தட்டில் புதுச் சேலை. உங்களுக்கு மாலை போட்டுக் கும்பிட்டார். திரும்பி யாரையோ தேடினார். அண்ணி கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெரியவர் அவரைத் தாண்டி, பெண்கள் கூட்டத்துக்குள் நடந்து, நேராக என் முன்னால் வந்து நின்றார்.

“பாப்பாத்தி எங்க ஊர்ப் புள்ளைங்க. பொறந்த ஊட்டுக் கோடிய நாங்கதானுங்க போடோணும்” என்று தட்டை நீட்டினார். அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். நடிப்பில்லை அண்ணா. அந்த மனிதர் மதுக்கரையில் பிறந்த ஒருத்திக்காக நிஜமாகவே அழுதார்.

எத்தனை நாடகத்தில் நீங்கள் வசனத்தை மறந்தபோது நான் சமாளித்திருக்கிறேன்! அன்று ஒரு சொல் வரவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து இவர்தான் பதறி எழுந்து வந்தார். உங்களுக்குத் தெரியுமே, இவருக்குப் பேசத் தெரியாது.

“ஏனுங்க, நான் உசுரோட இருக்கறப்பவே எம்பட சம்சாரத்துக்குக் கோடி போடறீங்ளே?”

யாரோ சிரித்துவிட்டார்கள். யாரென்று தெரியவில்லை. அடக்க அடக்க, இன்னொருவருக்கும் வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரிப்பு வந்தால் எப்படிப் பரவும் என்று நீங்களே ஒரு வாரம் எழுதியிருக்கிறீர்கள். வாயில் துண்டை வைத்துக்கொண்டு குலுங்குகிறார்கள். அதற்குள் அண்ணி எழுந்துவிட்டார்.

“அந்தம்மாவுக்கே போட்டுருங்க” என்றார். கத்தவில்லை. விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிற குரல். “ஊரு ஒலகத்துக்கு அந்தம்மாதானுங்களே சம்சாரம். எனக்கு எதுக்குங்க கோடி?”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிரிப்பெல்லாம் அப்படியே நின்றது. உங்கள் மகன் செந்தில் கதவைத் தட்டுகிறான். பெரியவர்கள் கெஞ்சுகிறார்கள். பொழுது இறங்குகிறது. நான் அங்கே நிற்க நிற்கக் கதவு திறக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் முகத்தை இன்னொரு தரம் பார்க்கக்கூட இல்லை. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது, அதுவும் வசதியாகத்தான் இருந்தது. பஸ் ஏறின பிறகு இவர், “நான் தப்பாப் பேசிப்போட்டனா?” என்று கேட்டார்.

பெங்களூரிலிருந்து வந்த பையன் கதவுக்கு வெளியே நின்று அழுத பிறகுதான் அண்ணி வெளியே வந்தாராம். இருட்டுகிற நேரத்தில்தான் உங்களை எடுத்தார்களாம்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் படத்திறப்பு என்று சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தார்கள். பாப்பாத்தி கையால்தான் படம் திறக்க வேண்டும் என்று ரசிகர்கள் ஒரே பிடிவாதம். செந்தில் போனில் கூப்பிட்டான். “அத்தை, நீங்க கட்டாயம் வரோணுமுங்க” என்றவன், கொஞ்சம் நிறுத்தி, “நீங்க வந்தா அம்மா வராதாமுங்க. நான் என்னத்தைப் பண்றதுங்க?” என்றான். பாவம், யாரை விடுவான்?

பெற்ற மகனை அந்த நிலையில் நிறுத்த மனமில்லை. மறுநாளே உக்கடத்தில் பஸ் ஏறிக் கிணத்துக்கடவு வந்தேன். நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்று நேரில் சொல்லிவிட்டுத் திரும்புவதாக எண்ணம்.

அண்ணி களத்தில் கொப்பரை காயப்போட்டிருந்தார். குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். வாங்க என்று கேட்கவில்லை. கையைத் தட்டிவிட்டு உள்ளே நடந்தார். நான் பின்னாலேயே போனேன். டி.வி. மேல் ஒரு புதுச் சேலை கவர் பிரிக்காமல் இருந்தது. அன்று தட்டில் பார்த்ததே அது. மறுநாளே அந்தப் பெரியவர் தனியாகப் பஸ்ஸில் வந்து, மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டுப் போனாராம்.

“ஞாயித்துக்கெழம நான் வர்லீங்க அண்ணி. நீங்க போங்க” என்றேன்.

“நான் போயி என்னங்க பண்றது? என்னிய அங்க ஆருக்குத் தெரியும்?”

“அன்னைக்கு நடந்ததுக்கு...”

“அதுக்கு உங்க மேல கோவமில்லீங்க டீச்சரம்மா.” உட்கார்ந்தார். “அந்த பஸ் ஸ்டாண்டு வசனம் சொல்லுவீங்ளே, அது நான் எப்பச் சொன்னதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்ளா?”

உங்களுக்கு நினைவிருக்கும். ‘ஏனுங்க மாமா, இது ஊடுங்ளா, பஸ் ஸ்டாண்டுங்ளா?’ கோயமுத்தூரில் அதைச் சொல்லாத வீடு உண்டா? தெருவில் போகிற என்னை நிறுத்திச் சொல்லச் சொல்லுவார்கள். இன்றைக்கும் அந்தத் துண்டு செல்போனில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

“மக கவிதாவுக்கு அப்பக் காச்சல். ஆஸ்பத்திரியில கெடக்கறா. புள்ளைக்குக் கண்ணே முழிக்கலீங்க. அவரு ஊட்டுக்கு வந்தாரு, சட்டைய மாத்துனாரு, மெட்ராஸ் ரயிலுக்கு நேரமாச்சுன்னு கெளம்புனாரு. வாசல மறிச்சுட்டு அழுதுட்டே கேட்டனுங்க, இது ஊடுங்ளா பஸ் ஸ்டாண்டுங்ளான்னு. புள்ள பொழச்சு ஊட்டுக்கு வந்துட்டா. அப்பறம் ஒரு வாரம் தெருவே உக்காந்து டி.வி. பாக்கறோம். நீங்க இடுப்புல கைய வெச்சுட்டு அதயே சொல்றீங்க. எல்லாருஞ் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சனுங்க. நான் மட்டும் சிரிக்காம இருந்தா ஆருக்காச்சும் தெரிஞ்சுபோயிருமில்லீங்க?”

அது மட்டுமில்லை அண்ணா. வெந்நீர்ச் சண்டை, நாத்தனார் சண்டை, மூக்கைத் தூக்கிக்கொண்டு மதுக்கரைப் பெருமை பேசியது, எல்லாமே அண்ணி வாயிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, அடுத்த வரியை என்னால் மனப்பாடமாகச் சொல்லியிருக்க முடியும்.

“அதுக்கப்பறம் அவருகூட நான் சண்டை போடறதயே உட்டுட்டனுங்க. நான் வாயத் தொறந்தாப் போதும், அவரு கண்ணுல ஒரு வெளிச்சம் வந்துருமுங்க. அதப் பாத்தா எனக்கு வாயடச்சுப்போகும். இந்த ஊட்டுல நான் கோவிச்சுக்கிட்டு எத்தன வருசமாச்சுங்க.”

அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். ரயிலில், ரிகர்சலில், “அம்மணி, ஒண்ணு மாட்டிருச்சுங்க!” என்று ஓடி வருவீர்களே, அப்போது பார்த்திருக்கிறேன். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். அந்த வசனங்களை எங்கிருந்து எடுத்துவந்தீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? ஊரையே சிரிக்க வைத்தீர்கள், உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருத்தர் பேச்சை நிறுத்திக்கொண்டது உங்கள் கண்ணில் படவே இல்லையா? கவனிக்கிறதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று பேட்டியில் எல்லாம் சொன்னேனே. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நான் எழுந்து நின்றபோது அண்ணி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நான் மட்டும் வரவே மாட்டேன் என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செந்தில் காரோடு வந்து நின்றான். “அம்மாதானுங்க அனுப்புச்சு, டீச்சரம்மாளக் கூட்டிட்டு வான்னு.” ஏனென்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. புடவை மாற்றும்போது ஊக்கு குத்திக்கொண்டேன்.

மண்டபம் நிறைந்து வழிந்தது. அண்ணி முன்வரிசையில் இருந்தார். அந்த மதுக்கரைச் சேலையைக் கட்டியிருந்தார். இரண்டு வரிசை பின்னால் அந்தப் பெரியவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மேடையில் உங்கள் படம், மேலே திரை. தொகுத்துப் பேசிய பையன் என்னை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தான். படத்தை அண்ணி திறக்கட்டும் என்று சொல்லப் போனேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

“பாப்பாத்தி! அந்த பஸ் ஸ்டாண்டு டயலாக் ஒருக்காச் சொல்லுங்க!”

கைத்தட்டல். ஒருவர் தொடங்கினால் போதுமே, மண்டபமே கேட்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. பாப்பாத்தி நான் இல்லை, இதோ இருக்கிறார் என்று கையைக் காட்டினால் போதும். ஆனால் காட்டினால் என்ன ஆகும்? அண்ணியைக் கேட்காமல் அவர் சொன்னதை இன்னொரு தரம் மைக்கில் போட்டவளாக ஆவேன். நீங்கள் செய்ததையே நானும் செய்வேன். சொல்லவும் முடியாமல், இறங்கவும் முடியாமல், அத்தனை பேருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கைத்தட்டல் தேய்ந்து, ஜனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அண்ணி எழுந்தார்.

படியேறி வந்து என் முன்னால் நின்றார். நான் மைக்கை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைக்கை என் பக்கமே மெல்லத் தள்ளிவிட்டார். நேரே போய்த் திரையை விலக்கினார். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். படத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போய், உங்கள் முகத்துக்கு நேராக நின்று பேச ஆரம்பித்தார்.

நிகழ்ச்சி என்று நினைத்து முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். மைக் என் கையில் உயிரோடு இருந்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தால் மண்டபம் முழுக்கக் கேட்கும். என் கட்டைவிரல் பொத்தானைத் தேடி அணைத்தது. அணைத்த பிறகு இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து, ஜனங்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள். நெடுநேரம் பேசினார் அண்ணா. இடையில் விரலை ஆட்டி ஒருமுறை அதட்டியதைப் பார்த்தேன் என்று செந்தில் சொன்னான். கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே முந்தானையால் உங்கள் கண்ணாடிச் சட்டத்தையும் துடைத்தாராம். பிறகு இறங்கினார். பெரியவர் எழுந்து கும்பிட்டார். அண்ணி நின்று, “வாங்க. சாப்புட்டுட்டுப் போங்க” என்றார் அவரிடம். என்னிடம் இன்னும் சொல்லவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

என்ன சொன்னார் அண்ணா? எத்தனை வருடத்துக் கோபம் அது? சிரிக்காமல் கேட்டீர்களா? படத்தில் அந்த வெளிச்சம் அப்படியே இருக்கிறது, ஆனால் இந்தத் தடவை அதை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வர உங்களால் முடியாது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த பஸ் ஸ்டாண்டு வசனத்தை இனி எந்த மேடையிலும் சொல்ல மாட்டேன். அன்று அண்ணி உங்களிடம் பேசியதை ஒருநாளும் அவரிடம் கேட்க மாட்டேன். நீங்களும் வாயை மூடிக்கொண்டிருங்கள். அங்கே பக்கத்தில் யார் இருந்தாலும், அண்ணி பேசியது எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை மட்டும் யாருக்கும் சொல்லிக் காட்டாதீர்கள்.

கோபம் பாதிதான் தீர்ந்திருக்கிற
உங்கள் தங்கச்சி,
ரோஸ்லின்